கை எட்டாத இயந்திரம்

அன்புள்ள ஐயா,

வெளிக்கோள்களைப் பார்க்க நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருடம் மெயின்டனன்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மில்லில் 1970களில் வாங்கிய ரிங் ஃபிரேம்கள் சில இருந்தன. ஸ்பேர் கிடைக்காத காலத்தில் லேத்தில் கடைந்து போட்டு ஓட்டினோம். ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் எந்த மெஷினும் காயலான் கடைக்குத்தான் போகும். 1977இல் அனுப்பிய ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்குப் பதில் புதிதாக ஒன்றை அனுப்பிவிடலாமே? அதோடு, கையால் தொட முடியாத ஒரு பொருளை ரிப்பேர் செய்தார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. பழுது பார்ப்பவனுக்குக் கைதானே கண்?

இன்னொரு கேள்வி. வேற்றுலகத்தில் யாராவது கண்டால் கேட்கட்டும் என்று அதில் வைத்திருக்கும் தங்க இசைத்தட்டில் தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கிறது, தமிழ் இல்லை என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறீர்கள். ராக்கெட் கிளம்பும் நாளைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். கிளம்பி நாற்பது வருடம் கழித்து அதற்கு எண்ணெய் போடுவது யார் என்று கேட்கிறவர் அபூர்வம். வாயேஜரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2023 நவம்பர் 14. அன்று முதல் வாயேஜர் 1இல் இருந்து வந்த தகவலுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. சிக்னல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குள் ஒன்றும் சுழியுமாக ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்ததே தவிர வேறு எதுவும் இல்லை. உங்கள் மில் கணக்கில் சொன்னால், மோட்டார் ஓடுகிறது, ஸ்பிண்டில் சுற்றுகிறது, நூல் மட்டும் இல்லை.

கலத்தில் மூன்று வகைக் கணினிகள் உண்டு. அதில் ஒன்றின் வேலை, கருவிகள் அளந்ததையும் கலத்தின் உடல்நிலையையும் திரட்டி, பொட்டலமாகக் கட்டி, பூமிக்கு அனுப்பக் கொடுப்பது. கோளாறு அங்கேதான் என்பது டிசம்பரிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினிக்குள் எங்கே? கலத்துக்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே அப்போது இருபத்திரண்டரை மணி நேரம் ஆயிற்று. பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஒரு நட்டை முறுக்கிவிட்டு, அது இறுகியதா என்று தெரிந்துகொள்ளக் கிட்டத்தட்ட இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் இருந்ததோ அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய ஆவணங்கள். இன்றைக்கு வரும் சிக்கல் இதுவாக இருக்கும் என்று அவற்றை எழுதியவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள்?

2024 மார்ச் 1ஆம் தேதி மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். 'நினைவகத்தில் பழுதாகியிருக்கக்கூடிய இடத்தைத் தாண்டி, வேறு வேறு இடங்களில் இருந்து நிரலை ஓட்டிப் பார்' என்பது போன்ற கட்டளை. மார்ச் 3ஆம் தேதி வந்த பதிலில் ஒரு பகுதி மட்டும் வேறு மாதிரி இருந்தது. வழக்கமான வடிவத்திலும் இல்லை, பழைய உளறலாகவும் இல்லை. ஆழ்விண் தொடர்பு நிலையங்களைக் கவனிக்கும் பொறியாளர் ஒருவர் அதை உட்கார்ந்து பிரித்துப் படித்தார். அந்தக் கணினி தன் நினைவகம் முழுவதையும் அப்படியே எடுத்து அனுப்பியிருந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நிற்கும். கை போக முடியாத இடத்தில் இருந்து இயந்திரமே தன் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டியது. 'கைதானே கண்' என்று கேட்டீர்கள் இல்லையா, அன்றைக்கு அவர்களுக்குக் கண்ணாக இருந்தது அந்த எண்களின் வரிசைதான்.

அதைக் கோளாறுக்கு முந்தைய பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சில்லு (சிப்). விண்வெளியில் இருந்து ஏதாவது துகள் வந்து அடித்திருக்கலாம், இல்லை 46 வருடத் தேய்மானமாக இருக்கலாம். சில்லை மாற்ற வழியில்லை. சரி, அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், அவ்வளவு பெரிய காலி இடம் ஒரே துண்டாக எங்கும் இல்லை. நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துகளில் எல்லாம் செருகினார்கள். துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து ஒன்றாக வேலை செய்ய வேண்டும். பழைய முகவரியைக் குறிப்பிடும் இடம் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அதையும் திருத்த வேண்டும். ஒரு தப்பு நடந்தாலும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். ஏப்ரல் 20, சனிக்கிழமை காலையில், கலிஃபோர்னியாவில், இந்தக் கலங்களை இயக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஒரு மேசையைச் சுற்றிக் கூடியிருந்தவர்களுக்குப் பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு வாயேஜர் 1 தன் உடல்நிலையைச் சொன்னது. ஜூனுக்குள் அப்போது இயங்கிக்கொண்டிருந்த நான்கு அறிவியல் கருவிகளின் அளவீடுகளும் திரும்ப வந்துவிட்டன.

இது ஒருமுறை நடந்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயேஜர் 2 கிளம்பி ஒரு வருடம்கூட ஆகாத 1978லேயே அதன் காது போய்விட்டது. ஒரு வாரம் கட்டளை எதுவும் அனுப்பாமல் விட்டதால் கலம் தானாகவே மாற்று ரிசீவருக்கு மாறியது. பார்த்தால் அந்த மாற்று ரிசீவரில் ஒரு கெப்பாசிட்டர் போயிருந்தது. சரி என்று முதல் ரிசீவருக்கே திரும்பினால், அது கொஞ்ச நேரத்தில் அடியோடு செத்துவிட்டது. அன்று முதல் இன்றுவரை அந்த ஊனமான ரிசீவர்தான். அலைவரிசையில் மிகக் குறுகிய ஓர் இடத்தில் வரும் குரல் மட்டுமே அதற்குக் கேட்கும், கலத்தின் வெப்பநிலை சற்று மாறினால் அந்த இடமும் நகர்ந்துவிடும். அது இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, குரலை அதற்கேற்ப மாற்றி மாற்றித்தான் பேசுகிறார்கள். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் அந்தக் கலம் பார்த்தது இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான். யுரேனஸ் பக்கமும் நெப்டியூன் பக்கமும் அதற்குப் பிறகு வேறு எந்தக் கலமும் போனதில்லை.

இனி, புதிதாக ஒன்றை அனுப்பினால் என்ன என்ற கேள்வி. 1965இல் கேரி ஃபிளாண்ட்ரோ என்ற இளைஞர் இதே ஆய்வகத்தில் ஒரு கணக்குப் போட்டார். 1970களின் கடைசியில் கிளம்பினால் வெளிக்கோள்கள் நான்கும் வழியில் வசதியாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கோளின் ஈர்ப்பிலும் ஓர் உந்து வாங்கி அடுத்ததற்குப் போகலாம். நெப்டியூனுக்கு 30 வருடம் ஆகும் பயணம் 12 வருடத்தில் முடியும். அந்த அமைப்பு 176 வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். தவறவிட்டிருந்தால் நம் பேரன் பேத்திகளுக்கும் கிடைத்திருக்காது.

அந்த உந்துகளோடு போன வாயேஜர் 1க்கே சூரியனின் காற்று வீசும் எல்லையைத் தாண்ட 35 வருடம் ஆயிற்று. தாண்டிய நாள் 2012 ஆகஸ்ட் 25. தாண்டியது உறுதியானதோ ஒரு வருடம் கழித்து, 2013இல். பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களால் ஆன வாயுவை, நேரடியாக அளக்கும் அதன் கருவி 1980லேயே கெட்டுப்போயிருந்தது. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த ஒரு வெடிப்பின் அதிர்வு ஒரு வருடத்துக்கு மேல் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, சுற்றியிருந்த பிளாஸ்மா அதிர்ந்தது. அந்த அதிர்வை வேறொரு கருவி பிடித்தது. அதில் இருந்து அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். முன்னால் இருந்ததைப் போல் 40 மடங்கு! சரி, இது நம் சூரியனின் வீடு இல்லை, வெளித்தெரு என்று அப்போதுதான் நிச்சயமாயிற்று. வாயேஜர் 2 அந்த எல்லையைத் தாண்டியது 2018 நவம்பர் 5.

நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளியில் நின்று அளந்து சொல்ல இந்த இரண்டு கலங்களை விட்டால் நமக்கு வேறு எதுவும் இல்லை. 2006இல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் இன்னும் அந்த எல்லைக்கே போய்ச் சேரவில்லை. இன்றைக்கே புதிதாக ஒன்றை ஏவினாலும் அது அங்கே போய் வாய் திறக்கும்போது, இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடுவயதைத் தொட்டிருப்பார்கள். உங்கள் ரிங் ஃபிரேமுக்குப் பதில் இன்னொன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவரலாம். இதற்கு லாரி கிடையாது.

காயலான் கடை என்றீர்கள், அதற்கான நாளும் நெருங்குவது உண்மை. புளூட்டோனியத்தின் வெப்பத்தில் ஓடும் மின்கலம் கிளம்பும்போது சுமார் 470 வாட் கொடுத்தது. வருடத்துக்கு 4 வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. ஹீட்டர்களை அணைத்தார்கள், பிறகு கருவிகளையே ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1இன் காஸ்மிக் கதிர்க் கருவியை, அதாவது விண்வெளியில் பறந்து வரும் அதிவேகத் துகள்களை அளக்கும் கருவியை, நிறுத்தினார்கள். 1972 முதல் ஐம்பது வருடம் இந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த எட் ஸ்டோன் அதற்கு முந்தைய வருடம் காலமாகிவிட்டார். அந்தக் கருவி அவருடைய குழு செய்தது. அணைக்கப்பட்டதைப் பார்க்க அவர் இல்லாமல் போனது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் ஒன்று பாருங்கள். வாயேஜர் 2இல் இருக்கும் அதே வகைக் கருவியின் ஹீட்டரை 2019இல் அணைத்தார்கள். செய்த காலத்தில் அதைச் சோதித்தது மைனஸ் 45 டிகிரி வரைதான். அணைத்த பிறகு வெப்பநிலை மைனஸ் 59க்கு இறங்கிவிட்டது. கருவி அளந்து அனுப்பிக்கொண்டே இருந்தது.

அப்புறம் உங்கள் மகள் சொன்னது. அது உண்மைதான். வாழ்த்துச் சொல்லும் 55 மொழிகளில் தமிழ் இல்லை. தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒரியா, வங்காளம், சிங்களம் இருக்கின்றன. பேச ஆளே இல்லாத சுமேரியமும் அக்காடியமும்கூட இருக்கின்றன. இதை முதலில் அறிந்தபோது எனக்கும் மனசு கனத்தது. இன்றும் அது குறைதான் என்பேன். ஆனால் யாரோ திட்டமிட்டுத் தமிழை ஒதுக்கினார்கள் என்று ஆங்காங்கே சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. வானியலாளர் கார்ல் சேகனின் சிறு குழு அந்தத் தட்டை அவசர அவசரமாகச் செய்தது. பெரும்பாலான வாழ்த்துகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கிடைத்தவர்களைக் கொண்டு பதிவு செய்தார்கள். அந்த நாட்களில் அந்த அறைக்குள் ஒரு தமிழர் போய் உட்காரவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் இருந்து ஒரு பாட்டு இருக்கிறது, இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடிய 'ஜாத் கஹாங் ஹோ'. எங்கே போகிறாய் என்று பொருள். மகளோடு சேர்ந்து ஒருமுறை கேளுங்கள், மூன்றரை நிமிடம்தான்.

2026 நவம்பர் நடுவில் வாயேஜர் 1 பூமியில் இருந்து ஓர் ஒளி-நாள் தூரத்தை, அதாவது ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரத்தை, தொடும் என்பது கணக்கு. 2,590 கோடி கிலோமீட்டர். அதன் பிறகு அங்கே ஒரு நட்டை முறுக்கினால், இறுகியதா என்று தெரிய முழுசாக இரண்டு நாள்.

ஸ்பேர் இல்லாமல் லேத்தில் கடைந்து ஓட்டிய அந்த ரிங் ஃபிரேம்களைப் பற்றி விரிவாக எழுதி அனுப்புங்களேன். எந்தப் பாகம் முதலில் தேய்ந்தது, எதைக் கடைந்தீர்கள், கடைசியில் அது எந்த வருடம் நின்றது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்.