படத்தின் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா?

கேள்வி: லண்டன் பழம்பொருள் கடையில் விக்டோரியா காலப் பெண்ணின் கரி ஓவியம், 400 பவுண்டு. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் வரிசையாகப் புள்ளிகள். வாங்கலாமா?

பதில்: வரிசைப் புள்ளி என்றால் அது கையால் வரைந்ததல்ல, அச்சுப் படம். கடையை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: '1870களின் கரி ஸ்டடி' (ஆளைப் பார்த்துப் போடும் பயிற்சி வரைவு) என்று பிரிட்டிஷ் இணையக் கடை ஒன்று விற்றது. முகம் அப்படியே போட்டோ போல. கூந்தலும் உடையும் அவசரக் கோடுகள். அடியில் மங்கலாக ஏதோ பழுப்பு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம், ஆனால் தப்பு உங்கள் மேல் இல்லை. 1857இல் அமெரிக்கர் டேவிட் வுட்வர்ட், வெயிலைக் கொண்டு புகைப்படத்தைப் பெரிதாக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிதாக்கிய படம் வெளிறித் தெரியும். அதன் மேல் கரியும் கிரேயானும் பூசி உருவப்படமாக்குவது அன்று நல்ல வியாபாரம். அதை 'ஸ்டடி' என்று விற்பதுதான் அயோக்கியத்தனம். ஓவியர் ஆளைப் பார்த்துத் தேடித் தேடிப் போட்ட ஸ்டடி என்றால் தாடைக் கோடு இரண்டு முறை விழுந்திருக்கும், துடைத்த தடம் இருக்கும், தோள் பாதியில் நிற்கும். உங்களுடையதில் திருத்தமே இல்லை. சட்டத்தைக் கழற்றுங்கள். தாளைக் கித்தானில் ஒட்டி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும். சட்டம் மறைத்த ஓரத்தில் கரி படாத பழுப்புப் படம் எட்டிப் பார்க்கும். (படத்தின் முதுகைப் பார்க்காமல் இப்படி ஒன்றை வாங்கி, என் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறேன்.) விற்றவர் வியாபாரி என்றால் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம். ஓரத்தைப் படமெடுத்து, இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

கேள்வி: ஏலப் பட்டியலில் 'ரோசெட்டியைப் பின்பற்றியவர்' என்றிருந்தது. (ரோசெட்டி 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர்.) ரோசெட்டி வரைந்ததாக நினைத்து ஏலத்தில் எடுத்தேன்.

பதில்: அவர் வரையவில்லை என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்களே! ஏலக் கம்பெனியின் கமிஷன் தனி என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

கேள்வி: பழைய படத்தில் கரி உதிர்கிறது. ஹேர்ஸ்பிரே அடித்து, கண்ணாடிக்குப் பதில் உடையாத அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ஸ்பிரே நாளடைவில் மஞ்சளாகும். அக்ரிலிக்கைத் துடைத்தால் மின்னேற்றம் ஏறி, கரியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியே போடுங்கள், தாளில் படாதபடி அமிலமற்ற அட்டையில் மவுண்ட் (படம் தெரிய நடுவில் சன்னல் போல் வெட்டிய அட்டை) வெட்டி 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மலிவு மரக்கூழ் அட்டை வைத்தால் அந்த வெட்டிய ஓரம் நெடுகப் படத்தில் பழுப்புக் கோடு விழும். கொண்டுபோகும்போது முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள், சுருட்டாதீர்கள்.