ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்

கேள்வி: அக்கா, வணக்கம். வயது 28. ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட், வேலை ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில். எங்கள் கோயில் இளைஞர் குழு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தது. எனக்கு அமைந்தவன் 15 வயதுப் பையன், இடைநிலைப்பள்ளியில் படிவம் 2, அதாவது இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் போனவன். அம்மா இல்லை. அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குத்தகை வேலை. ஐந்து மாதமாக ஞாயிறு தவறாமல் போகிறேன். என்ன கேட்டாலும் ‘ம்’, ‘தெரியல’, அவ்வளவுதான். நான் மோட்டார் சைக்கிளைக் கழற்றி வேலை பார்த்தால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். போன வாரம் வகுப்பில் ஒருவனை அடித்துவிட்டான். பள்ளியில் ஒரு வாரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ‘இவனுக்குச் செலவழிக்கிற நேரம் வீண்’ என்கிறார்கள் குழுவில். எனக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. விலகிக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, அந்த ஸ்பேனர் விஷயத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு தடவை படித்தது அந்த வரியைத்தான். பேச்சு வராத பையன் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். அவன் பேசுகிற விதம் இப்போதைக்கு அதுதான்.

15 வயதில் படிவம் 2 என்றால், தமிழ்ப்பள்ளி முடித்தவர்களைப் படிவம் 1க்கு முன் மலாய் பழக வைக்கும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்திருப்பான். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர்கள் இருந்த சின்னப் பள்ளியை விட்டு, யாரென்றே தெரியாத பெரிய கூட்டத்துக்குள் போய் விழுந்திருக்கிறான். யாராவது கேலி செய்தால் மலாயில் பதில் சொல்ல வேண்டும். வாய் வருவதற்குள் கை முந்திவிடுகிறது. அடித்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்படி ஒரு பள்ளிக்குப் போய், கழிவறைக்குப் போக அனுமதி கேட்கக்கூட நாக்கு எழாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

“ஏன் அடிச்சே?” என்று மட்டும் கேட்காதீர்கள். அது போலீஸ்காரர் கேள்வி. மோட்டார் வேலைக்கு நடுவே, அவன் முகத்தைப் பார்க்காமல், “அன்னைக்கு முதல்லேருந்து என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். அவன் ‘கோபம்’ என்பான். அவனிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அவமானம், பயம், ஏக்கம் எல்லாவற்றையும் அதற்குள்தான் போட்டு வைத்திருக்கிறான். மற்ற சொற்களை நீங்கள்தான் கடன் கொடுக்க வேண்டும். “எங்க சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டினப்ப கோபம்னுதான் நினைச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது, அது அவமானம்” என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, அடுத்த நட்டைக் கழற்றுங்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான் கையை நிறுத்த ஒரு நொடி கிடைக்கும்.

வீண் என்கிறவர்களுக்கு ஒரு சேதி. 1955இல் ஹவாயின் கவாய் தீவில் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கேயும் பெரும்பாலும் கரும்பு, அன்னாசித் தோட்டத்து வேலைக்காரக் குடும்பங்கள்தான். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒன்று, பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் துணை. 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 10 முதல் 16 வயது வரை 959 பிள்ளைகள். வழிகாட்டி கிடைத்தவர்கள் பிறரை அடிப்பது, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்த வழிகாட்டிகள் பாடமா நடத்தினார்கள்? மாதம் மூன்று தடவை போல வந்தார்கள், கூட இருந்தார்கள். திருத்தியே தீருவேன் என்று கிளம்பியவர்களின் உறவுதான் பல இடங்களில் பாதியில் அறுந்தது.

அறுவதுதான் ஆபத்து. அதே பிள்ளைகளைப் பற்றி 2002இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு வருடம் தாண்டிய உறவில்தான் பலன் அதிகம், மூன்று மாதத்துக்குள் முறிந்தால் பிள்ளையின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போகிறது என்கிறது. அம்மா இல்லாத வீட்டில் இதை ஆய்வு வைத்துத்தான் சொல்ல வேண்டுமா?

சிங்கப்பூருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்பும் வாரத்தில் விலகினால், அடித்ததால்தான் அண்ணன் போய்விட்டார் என்று கணக்குப் போடுவான். முடிந்தால் வருடத்தை முடித்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். குழுவில் இன்னொருவரை இரண்டு மூன்று ஞாயிறு உங்களோடு கூட்டிப் போய்ப் பழக்குங்கள். போன பிறகு எந்த நாள், எத்தனை மணிக்குப் போன் செய்வீர்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள்.

அப்புறம், அப்பாவின் வருமானத்தையோ வீட்டுக் கஷ்டத்தையோ நீங்கள் தீர்க்க முடியாது. அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உடம்பில் காயம் தென்பட்டாலோ, சாக வேண்டும் என்பது போல அவன் பேசினாலோ, தனியாகச் சமாளிக்காமல் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது மலேசிய அரசின் உதவித் தொலைபேசி எண் 15999க்கு அழையுங்கள்.

இந்த ஞாயிறு ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டு, எடுத்துக் கொடுக்கிற வேலையை நீங்கள் பாருங்கள்.