கன்னத்தில் திடீரென்று எரியும் சிவப்புக் கோடு: அக்கியா?

தென்காசி மாவட்டம் புளியரைப் பக்கம் சாரல் காலத்தில் காலையில் எழுந்தால் கன்னத்தில் கோடு இழுத்தது போலத் தடிப்பும் எரிச்சலும் வருகிறது, அக்கி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எறும்பு அளவில், கறுப்புத் தலை, ஆரஞ்சு உடம்பு, நடுவில் நீலப்பச்சைப் பட்டை. மழை ஈரத்தில் பெருகி டியூப் லைட்டுக்கு வரும். கடிக்காது. தூக்கத்தில் நசுக்கித் தேய்த்துவிடுகிறோம். அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலைப் பொசுக்குகிறது. தடிப்பு ஒரு நாள் கழித்தே தெரியும். அதனால்தான் காரணம் புரிவதில்லை.

உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குளிர்ந்த துணி ஒற்றுங்கள். ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்னால் மட்டும், சில நாட்களுக்குப் போடுங்கள். ஓரிரு வாரத்தில் ஆறும், கறுப்புத் தழும்பு மறைய இன்னும் நாளாகும்.

அக்கி என்றால் முதலில் வலி, அப்புறம் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கொத்தாகக் கொப்புளம். அதற்குக் காவி பூசிக் காத்திருக்காதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் அருகே எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

வண்டு மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள்.