ஐம்பது வயது டிராக்டரை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: வீட்டைச் சுற்றி இரண்டரை ஏக்கர் இருக்கிறது. கொஞ்சம் மரங்கள், கொஞ்சம் காய்கறித் தோட்டம், மீதி இரண்டு ஏக்கர் புல். புல் வெட்டவும், மண்ணும் விறகும் இழுக்கவும், தோட்டத்தை உழவும் ஒரு டிராக்டர் தேவைப்படுகிறது. தெரிந்தவர் ஒருவர் 1970களின் தொடக்கத்தில் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 135 ஒன்றைத் தருகிறேன் என்கிறார். மூன்று சிலிண்டர் டீசல். புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார். மீட்டரில் 3,200 மணி நேரம் காட்டுகிறது. பின்னால் மாட்டும் புல்வெட்டியும் இலவசமாம். ஸ்டார்ட் செய்து காட்டினார், இன்ஜின் அருமையாக ஓடுகிறது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வாங்கலாமா, இல்லை கடன் வாங்கியாவது புதிதாகச் சிறியது ஒன்று எடுக்கலாமா?

பதில்: "இன்ஜின் அருமையாக ஓடுகிறது" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் டிராக்டரை நானும் சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்கினேன். கணீரென்று இருந்தது. மூன்றாவது வாரம் உழப் போனபோது கலப்பையைத் தூக்கினால் நிற்கவில்லை. வளைவில் திருப்புவதற்குள் அது தானாக இறங்கித் தரையைக் கீறத் தொடங்கிவிடும். பின்பக்க ஆயிலை வடித்துப் பார்த்தால் பால் போல வெளுத்து வந்தது. எத்தனை வருடத்து மழைத் தண்ணீரோ, கியர் லிவரின் கிழிந்த ரப்பர் வழியாக உள்ளே போய் ஹைட்ராலிக் பம்ப்பைத் தின்றிருந்தது. வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி அந்த வேலைக்குப் போனது.

பழைய டிராக்டரில் எல்லோரும் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்லும் 135-இல் நான் கடைசியாகக் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். அதில் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர், இரண்டரை லிட்டர், ஏறக்குறைய 45 ஹெச்.பி. 1964 இறுதியில் வந்த மாடல். பத்து வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. லைனர், பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். செலவும் ஆளும் நேரமும் விழுங்குவது சீட்டுக்குப் பின்னால் இருப்பவைதான்: பின்னால் மாட்டியதைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், இன்ஜின் விசையை அதற்குக் கடத்திச் சுற்றவைக்கும் பி.டி.ஓ, பிரேக், அச்சு சீல்கள். ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் பின்பக்கம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேலைக் கணக்கு. ஐந்தடி அகலப் புல்வெட்டியோடு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரும்புவதும் ஒரு வெட்டின்மேல் அடுத்த வெட்டு விழுவதும் கழிய, மணிக்கு ஒன்றரை ஏக்கர் வெட்டலாம். உங்கள் இரண்டு ஏக்கர் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வெட்டினாலும் இருபது மணி நேரத்தைத் தாண்டாது. உழவும் சுமையும் சேர்த்து நாற்பது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நாற்பது மணி நேரம் ஓடுகிற வண்டிக்குக் கடன் வாங்காதீர்கள். வட்டி முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஓடும், வண்டி கொட்டகையில் நிற்கும்.

ஆனால் "புல்" என்று நீங்கள் எழுதியது எந்தப் புல்? முழங்கால் உயரக் காட்டுப் புல்லும் முள்ளும் என்றால் இந்த வண்டி சரியானது. வீட்டு முற்றத்தில் விரித்த பாய் மாதிரி வேண்டும் என்றால் சரிவராது. ஒன்றரை டன் எடை, மண்ணைக் கவ்வுவதற்கென்றே பட்டை போட்ட டயர். ஈரத்தில் ஒரு தடவை திருப்பினால் பள்ளம் விழும். பின்னால் மாட்டும் வெட்டியும் புல்லை அடித்துச் சாய்க்குமே தவிர சீராகக் கத்தரிக்காது. அந்த வேலைக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கிக்கொண்டு, வருடத்தில் ஒரு நாள் உழவுக்கு வண்டியை வாடகைக்கு அழையுங்கள்.

காட்டுப் புல்தான் என்றால் மேலே படியுங்கள்.

மறுபடியும் பார்க்கப் போங்கள், காலையில் போங்கள். "நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சைத் தொடங்கும் முன் உள்ளங்கையை இன்ஜின் மீது வையுங்கள். நண்பர் ஒருவருக்காக நான் பார்க்கப் போன வண்டியில் கை வைத்தபோது இதமான சூடு. "நிழலுக்காக இப்பத்தான் நகர்த்தி நிறுத்தினேன்" என்றார் விற்பவர். நாங்கள் ஊர்ப் பேச்சு பேசிவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் போய் நின்றோம். ஆறியிருந்த இன்ஜின் கிளம்பவே பேட்டரியை ஏறக்குறைய காலி செய்துவிட்டது. சூடான டீசல் இன்ஜின் தன் குறை எதையும் சொல்லாது. ஆறியது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் சில விநாடி வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று ஊதினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போதே, ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்துவிட வேண்டும், சூட்டில் கை வைக்கவே கூடாது. ஓடத் தொடங்கியதும் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டிலேயே விரிசலும் இருக்கலாம்.

பெரும்பாலானோர் திறக்காத ஓர் இடம் உண்டு. இந்த வண்டியின் ஏர் கிளீனரின் அடியில் ஆயில் நிற்கும் ஒரு கிண்ணம் இருக்கும். கிளிப்பை எடுத்தால் கையோடு வந்துவிடும். விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் ஆயிலாக இருந்தால் வீட்டில் ஒரு பொறுப்பான ஆள் இருந்திருக்கிறார். காய்ந்த சேறு கட்டியிருந்தால், அந்த இன்ஜின் வருடக்கணக்கில் தூசியைச் சுவாசித்திருக்கிறது. சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதன் ஆயுள் குறைந்துவிட்டது. மீட்டர் காட்டும் 3,200-ஐவிட நான் இந்தக் கிண்ணத்தைத்தான் நம்புவேன். அந்த மீட்டர் கேபிளில் ஓடுவது. கேபிள் அறுந்தால் மணிக்கணக்கும் நின்றுவிடும், வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்ச் மிதியின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தால் அது 3,200 மணி நேரத்தில் தேய்ந்ததல்ல. புதுப் பெயிண்ட் பற்றி ஒன்றே ஒன்று: ஆயில் கசிந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, உப்பி உரியும். அந்த இடங்களைத் தேடுங்கள்.

இப்போது குனிந்து அடியில் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு காட்டர் பின் தொங்கும். அது அங்கே இருப்பதே ஓட்டை அடைபடாமல் இருக்கத்தான். அதன் நுனியில் சொட்டு நின்றால் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில்: கிராங்க் தண்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது. பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில். எதுவானாலும் சரிசெய்ய வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். எப்போதாவது ஒரு சொட்டு என்றால் நான் அதோடு வாழ்வேன். தரையில் திட்டாகப் படிந்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைப்பேன். கிளட்சையும் அப்போதே சோதித்துவிடலாம்: பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில், குறைந்த வேகத்தில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கும் அதே பிரிப்பு வேலைதான்.

லிஃப்டைச் சோதிக்க அந்த இலவசப் புல்வெட்டியே போதும். மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூடான பிறகு தூக்கிப் பிடித்துக் கவனியுங்கள். ஒரே நிலையில் நிற்காமல், சில விநாடிக்கு ஒரு தடவை தலையாட்டுவது போல இறங்கி ஏறினால் உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வேறு பேச்சு பேசுங்கள், தூக்கி நிற்பதன் அடியில் மட்டும் யாரும் போகக் கூடாது. கொஞ்சம் இறங்கினால் வயதுக்கு மன்னிக்கலாம். நிறுத்திய உடனே தொப்பென்று விழுந்தால் சீலோ வால்வோ போயிருக்கிறது. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் கியர் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பின் உடலைத் திறந்தால்தான் கை எட்டும். அதனால் ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். வெளுத்திருந்தால் என் கதை உங்கள் கதையாகும்.

பிரேக்கில் தயவு வேண்டாம். இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனி மிதி இருக்கும். ஒவ்வொன்றாக மிதித்து ஓட்டிப் பாருங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பூட்டி மிதியுங்கள். ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் அச்சின் சீல் கசிந்து பிரேக் டிரம்முக்குள் ஆயில் நனைந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரக் கறை தெரியும். இதோடு "மல்ட்டி பவர்" என்ற வசதி அந்த வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளட்ச் மிதிக்காமலேயே வேகத்தை ஏற்றி இறக்குவது, வயலில் சுகம். ஆனால் அதைக் குறைந்த வேகத்தில் வைத்து இறக்கத்தில் இறங்கினால் இன்ஜின் பிடிக்காது, வண்டி தன்பாட்டுக்கு ஓடும். நிறைந்த டிரெய்லரோடு இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. உங்கள் நிலம் சரிவாக இருந்தால், அந்த வசதி இல்லாத 135-தான் நல்லது.

பி.டி.ஓ-வில் கவனிக்க வேண்டியது கிளட்ச் ஒரு கட்டமா, இரண்டு கட்டமா என்பது. இரண்டு கட்டம் என்றால், பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், புல்வெட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் வேண்டும். ஒரு கட்டம் மட்டும் என்றால், கிளட்ச் மிதித்ததும் பி.டி.ஓ-வும் லிஃப்டும் சேர்ந்தே நின்றுவிடும். அடர்ந்த புல்லில் ஒவ்வொரு தடவையும் திணறுவீர்கள். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்ற இன்னும் பழையவற்றில் வேறொரு தொல்லை: கிளட்ச் மிதித்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் புல்வெட்டியின் கனமே பி.டி.ஓ தண்டு வழியாக வண்டியை முன்னால் தள்ளும், வேலிக்குள் போய்த்தான் நிற்பீர்கள். யாராவது அதை மலிவாகத் தந்தால், ஒரே திசையில் மட்டும் விசையைக் கடத்தும் இணைப்பு ஒன்றை முதலில் வாங்குங்கள். விலை அதிகமில்லை.

உயிர் விஷயம் இதுதான்: அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கிடையாது. புது டிராக்டர்களில் அதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஸ்வீடன், 1959-இல். மற்ற நாடுகளுக்கு அது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. வேர்க்கட்டையை இழுக்கச் சங்கிலியை இழுவைப் பட்டையில் மாட்டாமல் மேலே, அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால், சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க வண்டியின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் புரளும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். இந்த மாடலுக்குப் பொருந்தும் காப்புச் சட்டகம் தனியாகக் கிடைக்கிறது. அதன் விலையையும் சீட் பெல்ட்டையும் வண்டி விலையோடு இன்றே கூட்டிக்கொள்ளுங்கள். சட்டகம் போட்டால் பெல்ட் கட்டாயம். சட்டகம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டக் கூடாது.

டயர், முன் அச்சுத் தேய்மானம், ஸ்டீயரிங் ஆட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பின் டயர் வெடித்துக் காய்ந்திருந்தால் ஜோடியின் விலையை விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். டயருக்குள் எடைக்காக உப்புக் கரைசல் நிரப்பியிருந்தால், வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

ஆகவே என் பதில்: காலையில் ஆறிய நிலையில் கிளம்பி, பின் ஆயில் வெளுக்காமல், லிஃப்ட் நின்று, இரண்டு பிரேக்கும் பிடித்தால் வாங்குங்கள். இன்ஜின் கொஞ்சம் புகைந்தாலும் வாங்கலாம், விலையை அதற்கேற்பப் பேசிக்கொண்டு. பின்பக்கத்தில் இவற்றில் இரண்டு சேர்ந்து தவறினால், இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பேனர் மட்டும் தெரிந்தவருக்கு அது வண்டி ஆகாது, முழுநேர வேலை ஆகிவிடும். 135 ஒன்றும் அபூர்வமான வண்டி இல்லை, இன்னொன்று வரும்.

அந்த இலவசப் புல்வெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையும் டிராக்டரையும் இணைக்கும் தண்டின் மீது பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, அந்த உறையைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. சட்டைக் கை மாட்டினால் இழுத்துக்கொள்ளும் நேரமே கிடைக்காது. பழைய புல்வெட்டிகள் பலவற்றில் உறை காணாமல் போயிருக்கும். அப்படியென்றால் புது உறை வந்து சேரும்வரை அதை மாட்டாமலே வைத்திருங்கள்.