இலங்கையின் காலிக் கோட்டைக் கடல்சார் நூதனசாலைகள்: கேள்வி பதில்

கேள்வி: காலிக் கோட்டையில் கடல் நூதனசாலை எங்கே உள்ளது? கட்டணம் எவ்வளவு?

பதில்: கட்டணம் மாறக்கூடியது, வாசலில் கேட்டறியுங்கள். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. 1992இல் திறக்கப்பட்ட தேசிய கடல்சார் நூதனசாலையில் மீனவர் வாழ்வும் கடலுயிர்களும் காட்டப்படுகின்றன. மூழ்கிய கப்பல்களின் பொருட்களைக் காண 2010இல் திறக்கப்பட்ட கடல்சார் தொல்லியல் நூதனசாலைக்கே செல்ல வேண்டும். இரண்டும் ஒல்லாந்தர் களஞ்சியத்தில்தான் உள்ளன. கோட்டையின் பழைய வாசலைக் கடந்ததும் திரும்பிப் பாருங்கள்: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் 1669ஆம் ஆண்டும் உட்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

கேள்வி: அங்கே எந்தக் கப்பலை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆவன்ட்ஸ்டர். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய இக்கப்பல், 1659 ஜூலையில் நங்கூரம் நழுவிக் காலித் துறைமுகத்திலேயே மூழ்கியது. பல நூற்றாண்டு நீரில் ஊறிய மரத்தை வெளியே எடுத்து அப்படியே உலரவிட்டால், அதன் நுண்ணறைகள் சுருங்கி மரம் பிளந்துவிடும். ஆதலால் உள்ளிருக்கும் நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகுப் பொருளை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இப்பணி நடந்துவந்த ஆய்வுகூடத்தை 2004 ஆழிப்பேரலை அழித்தது. மீட்கப்பட்டிருந்த பொருட்கள் பலவும் மீண்டும் கடலோடு போயின. எஞ்சியவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு, ஐயா?

பதில்: மேலே முதற்பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு அங்கேதானே உள்ளது?

பதில்: மூலக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல், 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது.

கேள்வி: காலியில் கிடைத்தது காலிக்கே உரியது அல்லவா? திருப்பித் தர வேண்டும்.

பதில்: கிடைத்த இடமே உரிமை என்பதை நான் ஏற்கவில்லை. அக்கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் வந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. அதன் தமிழ்ப் பகுதி, தென்கரையிலுள்ள தெவிநுவரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாருக்கு அளித்த கொடைகளைச் சொல்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. உரிமை பேசப் புகுந்தால் தெவிநுவரையின் கோரிக்கையே வலுவானது.

கேள்வி: அப்படியானால் தெவிநுவரைக்கே கொடுக்கலாமே?

பதில்: உப்புக்காற்று வீசும் கரையில் திறந்தவெளியில் நிறுத்துவதானால், கூடாது. எழுத்துகள் ஏற்கெனவே தேய்ந்துள்ளன. பாரசீகப் பகுதி மிகவும் சிதைந்துவிட்டது. தக்க கட்டடம் அமைந்த பிறகு பேசலாம்.

கேள்வி: கடற்கரையில் பழைய நாணயம் ஒன்று கிடைத்தது. தேய்த்துக் கழுவலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.