டார்க்ரூமா, ஸ்கேனா? பாம் ஷெல்டரை அப்புறம் காலி செய்யலாம்

கேள்வி: அப்பாவின் பழைய நிக்கான் எஃப்எம்2 கேமராவில் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டு எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அவர் எடுத்த நெகட்டிவ்களும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரை டார்க்ரூம் (படம் பிரிண்ட் போடும் இருட்டறை) ஆக்கலாமா, ஸ்கேன் செய்து கணினியிலேயே முடித்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த பிஸ்கட் டின். பழைய அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிலிமுக்கு நம் ஊர் வெப்பமும் ஈரமும் ஆகாது. டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மீதியை உறைகளில் போட்டு, கேமரா வைக்கும் டிரை கேபினட்டிலேயே (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பிலிம் கழுவுவது (ரசாயனத்தில் டெவலப் செய்வது) வேறு, பிரிண்ட் போடுவது வேறு. கழுவ டார்க்ரூமே வேண்டாம். பிலிமைச் சுருளில் (ரீல்) ஏற்றி, வெளிச்சம் புகாத டாங்க்கில் போட்டு மூடும் வரைதான் முழு இருட்டு தேவை. மற்றதெல்லாம் சமையலறை சிங்க்கில், விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி), சிவப்பு விளக்கு, ரசாயனத் தட்டுகள் எல்லாம் பிரிண்டுக்குத்தான். அதனால் என் யோசனை: வீட்டில் கழுவுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். டார்க்ரூம் காத்திருக்கட்டும்.

பிலிம் ஏற்றுவதற்கு சேஞ்சிங் பேக் என்ற கறுப்புப் பை கிடைக்கும். ஆனால் அதற்குள் ஐந்து நிமிடம் கையை விட்டால் வியர்த்து ஊற்றும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் சுருளில் பிலிம் பாதியில் சிக்கிக்கொண்டு, தள்ளத் தள்ள மடங்கும். ஏர்கான் அறையில் செய்யுங்கள். சுருள் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். வீணான ஒரு பிலிமை வைத்து வெளிச்சத்திலேயே சில தடவை பழகிக்கொள்வது நல்லது.

இங்கே பெரிய தலைவலி இருட்டு இல்லை, தண்ணீரின் சூடு. கறுப்பு வெள்ளைக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை. நம் குழாய்த் தண்ணீரோ 30 டிகிரியை ஒட்டி வரும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் (படத்தை வரவைக்கும் ரசாயனம்), சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் போதும். நான் 24 டிகிரியைத்தான் சொல்வேன், 20க்கு இறக்கப் போராட வேண்டாம். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள். பாட்டில்களை ஒரு பேசினில் நிறுத்தி, சுற்றியுள்ள தண்ணீரில் போடுங்கள். ஃபிக்சரும் (படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம்) அலசும் தண்ணீரும் அதே சூட்டை ஒட்டி இருக்கட்டும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வர வாய்ப்பு உண்டு. (கலர் பிலிமுக்கு 38 டிகிரி வேண்டும். அந்த விஷயத்தில் நம் ஊர் தண்ணீர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது!)

ஸ்கேனுக்குத் தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. டிஜிட்டல் கேமராவும், மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், நெகட்டிவை லைட் பேனல்மேல் வைத்து ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) படம் எடுத்துக் கணினியில் நிறத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் இருந்தால் ஏ3 பிரிண்ட் வரை தாராளம். நெகட்டிவின் பளபளப்பு இல்லாத பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். தூசியை ஊதித் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் புள்ளி புள்ளியாக அழிக்க ஒரு மாலை போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் தட்டில் படம் மெல்ல மேலெழுந்து வருவதைப் பார்க்க ஆசை இருந்தால், சரி, அதற்குக் கணினியில் ஈடு கிடையாது. ஆனால் பாம் ஷெல்டரில் தண்ணீர்க் குழாய் இல்லை. காற்றுத் துளைகளை அடைக்கவோ கதவை மாற்றவோ விதி இடம் தராது. ஃபிக்சர் வாடையோடு மணிக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் இடமும் அல்ல. பெட்டிகளும் அரிசி மூட்டையும் எங்கே போகும் என்று வீட்டில் கேட்பார்கள், அது தனி. முதலில் ஒரு பட்டறையில் சேர்ந்து சில பிரிண்ட் போட்டுப் பாருங்கள். அப்புறமும் ஆசை அடங்காவிட்டால், ஜன்னல் மறைத்த குளியலறையில், கதவை அவ்வப்போது திறந்து காற்று வாங்கிக்கொண்டு செய்யலாம். பழைய என்லார்ஜர் வாங்கும்போது லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. சும்மா கொடுத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.