இனிப்பை விலக்கினால் ஏக்கம் தீருமா?

கேள்வி: இனிப்பின் மீதான ஏக்கத்தை 21 நாள்களில் அடியோடு போக்கிவிடலாம் என்று கூறும் ஓர் உணவுத் திட்டத்தைப் பின்பற்றினேன். சர்க்கரை, தானியம், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏக்கம் தாங்க முடியாதபோது மட்டும் ஒரு தேக்கரண்டி தேன் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. முதல் வாரத்தில் 3 கிலோ குறைந்தது. 15ஆம் நாள் கட்டுப்பாட்டை இழந்து, கையில் கிடைத்த இனிப்பையெல்லாம் சாப்பிட்டேன். சில நாள்களில் பழைய எடையும் திரும்பிவிட்டது. எனக்கு மனவுறுதி போதவில்லையா? மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கட்டுமா?

பதில்: தயவுசெய்து தொடங்க வேண்டாம். உங்கள் மனவுறுதியில் குறையில்லை. குறை அந்தத் திட்டத்தில் இருக்கிறது.

மாவுச்சத்தை நிறுத்தியதும், கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும் சர்க்கரையை உடல் செலவழிக்கத் தொடங்குகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், சேமிப்பு கரையக் கரைய அந்த நீரும் வெளியேறிவிடுகிறது. நீங்கள் இழந்த 3 கிலோவில் பெரும்பகுதி இந்த நீராகத்தான் இருந்திருக்கும். இயல்பாகச் சாப்பிட்டதும் அது திரும்பியதில் வியப்பில்லை. இந்தத் தொடக்கக் குறைவைக் காட்டித்தான் இத்தகைய திட்டங்கள் நம்பிக்கையைப் பெறுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

15ஆம் நாள் நடந்ததற்கும் விளக்கம் உண்டு. 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், பெண்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, அதன்பின் விரும்பிய அளவு ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு பார்க்காதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் குறைவாகவே சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டோடு இருப்பவர்களிலோ, அதைக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி ஒருமுறை மீறப்பட்டதும், ‘இன்றைய நாள் கெட்டுவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன’ என்று மனம் தடையை முழுவதுமாகக் கைவிட்டுவிடுகிறது. விதி எவ்வளவு கடுமையோ, அதை மீறும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

பழத்தை விலக்கித் தேனை அனுமதித்தது தலைகீழான ஏற்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது; முழுப்பழம் அந்தக் கணக்கில் வராது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அதன் வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நல்லது. ஆக, அளவோடு இனிப்பு உண்பதற்கு அந்த வழிகாட்டுதலிலேயே இடம் இருக்கிறது.

எந்த வேளையையும் தவிர்க்காமல், புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவைப் பசி முற்றுவதற்கு முன் சாப்பிடுங்கள். இனிப்பை வயிறு நிறைந்த பிறகு சிறிதளவு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள். தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பு நாட்டமும் கூடும் என்பதால், ஏக்கம் மிகுந்த நாள்களுக்கு முந்தைய இரவுகளையும் கவனியுங்கள். செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருக்கிறது.

நீங்கள் சர்க்கரை நோய்க்காக இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. சில மருந்துகளோடு அப்படிச் செய்யும்போது ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.